கொஞ்சம் தள்ளிப் படுங்கோ

போன மாசம் எங்கட சேமக்காலையில குழி வெட்டப் பெக்கோ மிசின் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்த தம்பி வன்னிப் பக்கம், சைவம். கத்தோலிக்க ஆக்களை அடக்கம் செய்யிற இடத்துக்குள்ள அவன் கால் வைச்சது அதுதான் முதல் தரமாம். வேலை முடிய மிசினை நிப்பாட்டிப்போட்டு, மதிலில குந்தியிருந்த என்னட்டை வந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? குறை நினையாதேங்கோ. அந்த அம்மா ஏன் குழியோட கதைச்சவ? நான் மிசினை இறக்கப் போறன், கையைக் காட்டி மறிச்சுப்போட்டு நிலத்தைப் பாத்து என்னவோ சொல்லுறா. சொல்லி முடிச்ச பிறகுதான் என்னை வெட்ட விட்டவ."

"அது இஞ்சத்தை வழமை தம்பி" எண்டு சொல்லி விட்டன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில சொல்லி முடிக்கிற கதையே அது? சேமக்காலையை இப்ப பாக்கிற புதுப் பெடியளும் "அண்ணை, தெரிஞ்சதை எழுதித் தாங்கோவன்" எண்டு கனநாளாய் என்னை அரிச்சுக்கொண்டிருக்கிறாங்கள். அதால எழுதுறன். முந்தி அப்பிடிக் குழியோட கதைக்கிறது கோயில் மூப்பரின்ர வேலை. வீட்டு ஆக்கள் கதைக்கத் தொடங்கினது ஒரு செத்த வீட்டு நாளிலயிருந்து. அண்டைக்கு நான் அந்த இடத்தில நிண்டனான்.

ஒண்டை முதலிலயே சொல்லிப்போடுறன். மிசின் வந்ததில எனக்கு ஒரு கவலையும் இல்லை. அது முந்தியே வந்திருந்தால் குனிஞ்சு குனிஞ்சே முறிஞ்ச என்ர நாரி தப்பியிருக்கும்.

நாங்கள் ஊர்காவற்றுறையில மீன்பிடிக் குடும்பம். ஐயா கடல், அண்ணைமார் கடல். எனக்கு வள்ளத்தில ஏறினால் குடலைப் பிரட்டிச் சத்தி. கரையில கட்டியிருக்கிற வள்ளத்தில ஏறினாலும் சத்தி. ஊரே பகிடி பண்ணும். சண்டையில இடம்பெயர்ந்து போய் அலைஞ்சு, திரும்ப ஊருக்கு வந்த கையோட ஐயா என்னை மூப்பரிட்டைக் கூட்டிக்கொண்டு போனார். "இவன் தண்ணிக்கு உதவான். மண்ணுக்காவது உதவுவானோ எண்டு பாருங்கோ" எண்டார். மூப்பர் எண்டது கோயில் காரியங்களைப் பாக்கச் சனம் தெரிஞ்செடுக்கிற ஆள். அப்ப மூப்பராய் இருந்தவர் சவிரிமுத்து ஐயா. என்னை மேலயும் கீழயும் பாத்தார். "நாளைக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாரும்" எண்டார். அவ்வளவுதான் என்ர நேர்முகப் பரீட்சை.

கத்தி ஏனெண்டால், சேமக்காலை அப்ப சேமக்காலை இல்லை, காடு. சனம் இல்லாத காலத்தில நாயுருவியும் ஈச்சம் பத்தையும் ஆளுயரம் எழும்பி நிண்டுது. மரச் சிலுவையள் எல்லாத்தையும் கறையான் திண்டிட்டுது. எந்தக் குழி ஆற்றை எண்டு தெரிஞ்ச பழைய மூப்பரும், பழைய குழி வெட்டுறவரும் இடம்பெயர்ந்து போன இடத்திலயே செத்து மோசம் போயிட்டினம். அவையளோட அந்த அறிவும் போச்சுது. சனம் வந்து மதிலோட நிண்டு உள்ளுக்கு எட்டிப் பாக்கும், அழும், போகும்.

காடு வெட்ட வெட்டத்தான் எனக்கு வாய் பிளந்தது. மேற்கு மூலையில ஒரு கல்லு. அதில பாய் விரிச்ச கப்பல் ஒண்டு வெட்டியிருக்கு. எங்கட துறையில பெரிய பாய்க்கப்பலுகள் கட்டி ஓட்டின காலத்தில கப்பலை நடத்தின தண்டையல் ஒருத்தற்ற கல்லாம் அது. கயிறு கயிறாய், முடிச்சு முடிச்சாய் வெட்டியிருக்கிறான் மனுசன். அதுக்குப் பக்கத்தில ஒருதருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தோட ரண்டு கல்லு. வடக்கு மதிலோட ஒரு நீட்டுத் துண்டு நிலம், அதில ஒரு புல்லுக்கூடக் கிடையாது. வாந்திபேதி வந்த காலத்தில ஆக்களை வரிசையாய்க் கிடத்திச் சுண்ணாம்பைக் கொட்டினதாம். அந்தத் துண்டைத் தாண்டேக்குள்ள இண்டைக்கும் என்ர கால் தன்ர பாட்டில மெல்லமாய்ப் போகும்.

ஆனால் எல்லாத்தையும் விட எனக்கு அதிசயமாய் இருந்தது குழியள்தான். எங்கட நிலத்தில மேல கொஞ்ச மண், அதுக்குக் கீழ எல்லாம் கல்லு. சும்மா கல்லில்லை, இரும்பு அலவாங்கால குத்தினால் திரும்பித் தெறிக்கிற கல்லு. அந்தக் கல்லைத்தான் முந்தின ஆக்கள் உளியால ஆழமாய் வெட்டி, குடும்பத்துக்கு ஒரு குழி எண்டு வைச்சிருக்கினம். ஒருதரை அடக்கம் செய்து கன வருசம் போனாப் பிறகு, அதே குழியைத் திறந்து, எலும்பை எடுத்து வெள்ளைத் துணியில சுத்திக் கால்மாட்டில வைச்சுப்போட்டு, மற்றவரை இறக்கிறது. பாட்டன், பூட்டன் எல்லாரும் ஒரே குழிக்குள்ளதான். முதல் முதல் ஒரு குழியின்ர அடிக்கு நான் இறங்கின நாள், தலைமாட்டுச் சுவரில என்ர கை எதிலயோ தட்டுப்பட்டுது. மண்ணைத் துடைச்சுப் பாத்தன். ஒரு சிலுவை. கல்லிலயே வெட்டியிருக்கு. மேலயிருந்து பாக்கிற ஒருதருக்கும் அது தெரியாது. பெட்டி இறக்கினால் மூடுப்பட்டுப் போகும். வெட்ட இறங்கிற ஆளும், பெட்டிக்குள்ள இறக்குப்படுற ஆளும் மட்டும் காணுற சிலுவை. என்ர மாதாவே, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பிறகு பாத்தால் பழைய குழியள் எல்லாத்திலயும் அது இருக்கு.

மறைஞ்சு போன குழியைக் கண்டுபிடிக்க மூப்பர் எனக்குக் காட்டின வழி வாளித் தண்ணி. காடு வெட்டின நிலத்தில ஊத்திப்போட்டு நிக்கவேணும். கல்லுக்கு மேல எண்டால் தண்ணி தேங்கி நிக்கும். முந்தி ஒருக்கால் வெட்டி மூடின மண் எண்டால் மடக்கு மடக்கெண்டு குடிச்சுப்போடும். "தாகத்தோட கிடக்கினம் போல" எண்டு நான் ஒருநாள் பகிடி விட்டன். மூப்பர் சிரிக்கேல்லை. கண்ணாடியைக் கழட்டிச் சால்வையால துடைச்சார். அவர் கோவிச்சால் செய்யிறது அது ஒண்டுதான். சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை.

குழி திறக்க முந்தி மூப்பர் செய்யிற வேலை ஒண்டு இருந்தது. செருப்பைக் கழட்டிப்போட்டுக் கால்மாட்டில போய் நிப்பார். உள்ளுக்குக் கிடக்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால கதைக்கிற குரல்தான். "மரியாம்பிள்ளை அண்ணை, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ. உங்கட மனுசி வாறா." சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிப்பார். உண்மையாய் ஒருதர் தள்ளிப் படுக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம். பிறகு என்னைப் பாத்துத் தலை ஆட்டுவார். பேர் தெரியாமல் எந்தக் குழியையும் அவர் திறக்க விட்டதில்லை. "ஒருதற்ற வீட்டுக்குள்ள போறதெண்டால் ஆற்றை வீடெண்டு தெரியவேணும்" எண்டுவார்.

ஒரு குழியிலதான் இது இடிச்சுது.

றெஜினா அக்கா எண்டு எங்கட ஒழுங்கையில இருந்தவ. மனுசன் யோசேப்பண்ணை, கடலில களங்கட்டி மீன் பிடிக்கிற தொழில். இடம்பெயர்ந்து ஓடின நேரம் அவையின்ர மூண்டு வயசுப் பெடியன் அன்ரன் காய்ச்சலில செத்துப்போனான். ஷெல் விழுந்துகொண்டிருக்குது, ஊர் எழும்பி ஓடுது. பெட்டி செய்ய ஒரு தச்சனும் இல்லை. யோசேப்பண்ணை சீதனமாய் வந்த அலுமாரியின்ர லாச்சிப் பெட்டியை இழுத்தெடுத்து, பிள்ளையை அதுக்குள்ள கிடத்தி, தோளில வைச்சுக்கொண்டு தனியச் சேமக்காலைக்குப் போனவர். கைக்குழந்தையோட நிண்ட அக்காவைச் சனம் வள்ளத்தில ஏத்திப்போட்டுது. அவ குழியைக் காணேல்லை.

திரும்பி வந்து நாங்கள் காடு வெட்டினதும், யோசேப்பண்ணை வந்து நடு வரிசையில ஒரு இடத்தில நிண்டார். "இதுதான்" எண்டார். வாளியை ஊத்தினன், மண் குடிச்சுது. அக்கா விழுந்து அந்த மண்ணைக் கட்டிப் பிடிச்சா. அந்த வருசம் கார்த்திகையில, செத்த ஆக்களுக்கு வேண்டிக்கொள்ளுற ஆத்துமாக்கள் நாளுக்கு, வெள்ளை அடிச்சுப் பூ வைச்சுக்கொண்டு இருக்கிறா. பக்கத்து ஊர் சுருவிலில இருந்து பிலோமினா வந்து இறங்கினா.

"ஆரைக் கேட்டு என்ர அம்மாவின்ர குழிக்கு வெள்ளை அடிக்கிறியள்?"

பிலோமினாவின்ர தாய் திரேசம்மா. இடம்பெயர்வுக்கு ஒரு மாசத்துக்கு முந்தித்தான் மோசம் போனவ. ஊரே கூடி அடக்கம் செய்தது. ஆனால் வரிசையே அழிஞ்சுபோன நிலத்தில, இந்தக் குழியோ பக்கத்துக் குழியோ எண்டு ஊரில ஒருதருக்கும் நிச்சயமில்லை. பிலோமினாவுக்கு மட்டும் நிச்சயம். றெஜினா அக்காவுக்கும் நிச்சயம். பிறகென்ன, வருசா வருசம் கார்த்திகை வந்தால் சண்டை. ஒராள் வைச்ச பூவை மற்றாள் தள்ளி வைப்பா. பங்குச் சுவாமி வந்துதான் விலக்குப் பிடிக்கவேணும். யோசேப்பண்ணை மட்டும் வாய் திறக்கமாட்டார். ரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைச்சுப்போட்டு மதிலோட போய் நிப்பார். "விடு றெஜினா, அவவும் கொளுத்தட்டும்" எண்டுவார். ஒண்டு பிள்ளைக்கு, மற்றது எல்லா ஆத்துமாக்களுக்கும் எண்டு அக்கா நினைச்சிருக்கிறா.

இப்பிடியே வருசங்கள் போய், யோசேப்பண்ணை நெஞ்சுக் குத்தில செத்துப்போனார்.

நானும் மூப்பரும் செத்த வீட்டுக்குப் போனம். பெட்டி விறாந்தையில. அறைக்குள்ள அந்தச் சீதன அலுமாரி நிண்டுது. ஊர் முழுக்கக் களவு போன காலத்தில பாரம் எண்டபடியாலோ என்னவோ ஒருதரும் அதைத் தூக்கேல்லை. கீழ்த் தட்டில ஒரு லாச்சி இல்லை. அந்த ஓட்டைக்கு அக்கா பூப்போட்ட துணி ஒண்டு கட்டியிருந்தா. மற்ற லாச்சியளில பித்தளைப் பிடி, கொடிமுந்திரிக் குலை மாதிரி வேலைப்பாடு.

"மூப்பர், அவரைப் பிள்ளையோட வையுங்கோ" எண்டா அக்கா. "அவன் தனிய இல்லை, தனிய இல்லை எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனுசன். உண்மையாய்த் தனியன் இல்லாமல் வையுங்கோ."

பிலோமினாவுக்கு ஆள் அனுப்பினம். உடன வந்திட்டா. "என்ர அம்மாவுக்கு மேல அந்நிய ஆம்பிளையை வைக்க நான் சம்மதியேன்" எண்டா. சுவாமி கடைசியாய்ச் சொன்னார், ரண்டு பேரும் சம்மதிச்சால் திறந்து பாப்பம், கண் சொல்லட்டும் எண்டு.

மூப்பர் ரண்டு பேரையும் குழியடியில நிப்பாட்டினார். "பிள்ளையள், ஒண்டு சொல்லுறன். தெரிஞ்ச பிறகு தெரியாமல் இருக்க ஏலாது. இதுக்குள்ள இல்லாத ஆள் எங்க எண்டு என்னாலயும் சொல்ல ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

றெஜினா அக்கா குழியைப் பாத்தா. இது இல்லையெண்டால் அவவுக்குப் பிள்ளை எங்கயுமே இல்லை. இவ்வளவு வருசமும் ஆருக்கோ அழுததாய்ப் போகும். "திறவுங்கோ" எண்டா. பிலோமினாவும் திறக்கச் சொன்னா. "அம்மாவின்ர கையில செபமாலை இருக்கும். நூல் அறுந்து அறுந்து போகுதெண்டு மீன் பிடிக்கிற நைலோன் தங்கூசியில கோத்து வைச்சிருந்தவ. தங்கூசி உக்காது. பாப்பம்."

மூப்பர் செருப்பைக் கழட்டினார். கால்மாட்டில போய் நிண்டார். வாயைத் திறந்தார். ஆரைக் கூப்பிடுறது? ஒரு பேரைச் சொன்னால் மற்றவவின்ர நெஞ்சில குத்தினமாதிரி. அந்த மனுசன் தடுமாறி நிண்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன். கடைசியில கும்பிட்டுப்போட்டு, எனக்குத் தலை ஆட்டினார்.

மேல் மண்ணை மண்வெட்டியால எடுத்தன். பிறகு மண்வெட்டியை வைச்சுப்போட்டுத் தேங்காய்ச் சிரட்டையால அள்ளினன். கனக்க ஆழம் போகேல்லை. சிரட்டை கிணிங் எண்டுது. பச்சை பிடிச்ச ஒரு பித்தளைப் பிடி. விரலால துடைச்சன். முந்திரிக் குலை.

கையில வைச்சு மேல நீட்டினன். றெஜினா அக்கா அதை வாங்கிக் கன்னத்தோட வைச்சுக்கொண்டு அப்பிடியே குந்தினா. பிடிக்குக் கீழ, மண்ணோட மண்ணாய், சின்னஞ் சிறு எலும்புகள். ஒரு கைப்பிடிதான். அதை நான் விவரிக்கப் போறதில்லை.

பிலோமினாவின்ர முகம் செத்துப்போச்சு. திரும்பிப் போக வெளிக்கிட்டா. மூப்பர் சொன்னார், "நில்லும் பிள்ளை." என்னைப் பாத்து, "இது மேல் மண். கல்லுக் குழி இன்னும் கீழ போகுது. பிள்ளையைத் துணியில எடுத்து வைச்சுப்போட்டு இன்னும் இறங்கும்" எண்டார்.

இறங்கினன். இடுப்பளவு, நெஞ்சளவு. இருந்தாப்போல சிரட்டைக்குள்ள ஒரு மணி. அதோட இன்னொரு மணி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மரமெல்லாம் உக்கி, துணியெல்லாம் உக்கி, செபமாலை ஒரு மணி குறையாமல் முழுசாய் வந்தது. தங்கூசி நேற்றுக் கட்டின முடிச்சுமாதிரி இருக்கு. அதுக்கும் கீழ, கால்மாட்டில, முந்தின ஆக்களின்ர எலும்பு மூட்டை. தலைமாட்டுச் சுவரில, அந்தச் சிலுவை. பூட்டன், பாட்டன், பேத்தி எண்டு வழிவழியாய் ஒருதரை ஒருதர் தாங்கிக்கொண்டு கிடக்கினம், அதுக்கெல்லாம் மேல அவையளுக்கு ஆரெண்டே தெரியாத ஒரு குஞ்சுப் பெடியன்.

றெஜினா அக்காதான் முதல் கதைச்சா. "என்ர மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு, இதுக்குள்ள ஆர் கிடக்கினமெண்டு." பிறகு மெல்லமாய், "ரண்டாவது மெழுகுதிரி உங்கட அம்மாவுக்குத்தான், பிலோமினா" எண்டா. தனிய இல்லை எண்டு அவர் சொன்னதும் அப்பதான் எங்கள் எல்லாருக்கும் விளங்கினது.

எல்லாம் இனி நல்லபடி முடிஞ்சுது எண்டுதானே நினைப்பியள்? இல்லை. பிலோமினாவுக்கு வந்த கோவம் சாதாரணக் கோவம் இல்லை. "என்ர தாயைப் புதைச்சு மண் காயேல்லை. கேளாமல் கொள்ளாமல் வெட்டித் திறந்திருக்கிறார். இத்தனை வருசம் முகத்துக்கு நேர நிண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் விசர் பிடிச்சவ மாதிரிச் சண்டை பிடிக்கப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார்!" அவ சொன்னதில என்ன பிழை? மற்றவையின்ர குழியைக் கேளாமல் திறக்கிறது எங்கட ஊரில மன்னிக்கிற காரியம் இல்லை. செபமாலையை வாங்கி மடியில கட்டிக்கொண்டு போயிட்டா.

றெஜினா அக்கா மூப்பரைப் பாத்தா. "அவவின்ர குழி. பிள்ளையை என்னட்டைத் தாங்கோ. வேற இடத்தில தேப்பனையும் பிள்ளையையும் வையுங்கோ" எண்டா.

வேற இடம் எண்டால் புதுக் குழி. அடுத்த நாள் விடிய நானும் இன்னொரு ஆளும் கிழக்கு மூலையில தொடங்கினம். மண் முடிஞ்சு கல்லு வந்திட்டுது. அலவாங்கால குத்திக் குத்தி, வெயில் ஏற ஏற, முழங்கால் அளவுக்குக்கூடக் காணாது. கை கொப்பளிச்சுப் போச்சு. பின்னேரம் பூசை, அடக்கம். எப்பிடி முடிக்கிறது எண்டு தெரியாமல் நிக்கிறன், பின்னால பிலோமினா.

வெட்டின ஆழத்தை எட்டிப் பாத்தா. "இதை ஒராள் தனிய வெட்டுறதெண்டால்?"

"தனிய ஏலாது அக்கா."

"ஒரு பின்னேரத்துக்குள்ள?"

"நாங்கள் ரண்டு பேர் விடியத் தொடங்கினது, பாருங்கோவன்."

அலவாங்கைத் தாங்கோ எண்டு வாங்கினா. சீலைத் தலைப்பை இடுப்பில செருகிக்கொண்டு, தூக்கி ஒரு குத்துக் குத்தினா. கல்லில ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் விழுந்தது. அலவாங்கு தெறிச்சு அவவின்ர கையை உதறிப்போட்டுது. ரண்டாந்தரம் குத்தினா. மூண்டாந்தரம் அலவாங்கை நிலத்தில போட்டுப்போட்டு, ரண்டு கையையும் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு அழத் தொடங்கினா. தண்ணிப் போத்திலை நீட்டினன்.

"செத்த பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு, ஷெல்லுக்குள்ள, எங்க மண் மெத்தெண்டு கிடக்குதெண்டு தட்டித் தட்டிப் பாத்திருப்பார் என்ன?" எண்டா. "அம்மாவின்ர குழி மட்டும்தான் புது மண்." முகத்தைத் துடைச்சா. "இதை மூடுங்கோ. அங்க திறவுங்கோ."

பின்னேரம் பெட்டி வந்தது. ஊர் முழுக்க நிண்டுது. பிள்ளையின்ர எலும்பு வெள்ளைத் துணியில, றெஜினா அக்காவின்ர மடியில. மூப்பர் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கால்மாட்டுக்குப் போக, பிலோமினா குறுக்க வந்தா.

"மூப்பர், நான் சொல்லட்டே?"

மூப்பர் கண்ணாடியைக் கழட்டினார். கோவத்தில இல்லை எண்டு எனக்குத் தெரியும். விலகி நிண்டார்.

பிலோமினா தன்ர செருப்பைக் கழட்டினா. மடியில இருந்த செபமாலையை எடுத்துக் குழிக்குள்ள விட்டா. "அம்மா, கொஞ்சம் தள்ளிப் படணை. உன்னட்டை நிண்ட பிள்ளையின்ர தேப்பன் வாறார். கேளாமல் வந்ததெண்டு அவரோட கோவிக்காதை. நானும் கோவிக்கேல்லை."

நான் கயிறைப் பிடிச்சபடி நிக்கிறன், கண்ணுக்கு முன்னால ஒண்டும் தெரியேல்லை. பிலோமினா திரும்பி, றெஜினா அக்காவின்ர கையைப் பிடிச்சுக் குழியோரத்துக்குக் கொண்டு வந்தா. "இனி நீங்கள் உங்கட ஆளுக்குச் சொல்லுங்கோ" எண்டா.

அக்கா குனிஞ்சு, மடியில கிடந்த துணி மூட்டையைத் தடவினா. அவனைத் தேப்பன்ர தோளில விட்டுப்போட்டு வள்ளம் ஏறின நாளுக்குப் பிறகு, அவ அவனோட கதைச்சது அதுதான் முதல் தரம்.

"அன்ரன், அப்பா வந்திட்டார் ராசா. இடம் விடு."